கடல் இல்லாத ஊரில் கடல் விலங்கு ஆய்வு: மேலூர்ப் பக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றின் செயல்திட்டம்

மேலூர் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். 4ஆம் வகுப்பும் 5ஆம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். சேர்த்து 21 பிள்ளைகள். கடலை நேரில் பார்த்தவர்கள் அதில் கொஞ்சம் பேர். அவர்களும் ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள்தான். அந்தப் பள்ளியில் கடல் விலங்குகளை வைத்து ஆய்வுச் செயல்திட்டம் ஒன்று நடந்தது. முதல் சுற்று வீண். இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் எழுதிய நோட்டுகள் உட்கார்ந்து படிக்கும்படி இருந்தன. நடுவில் எதை மாற்றினார்கள், எது எங்கே கெட்டது என்பதை, மற்ற பள்ளிகள் எடுத்துச் செய்யும் அளவுக்கு விவரமாக இங்கே எழுதியிருக்கிறோம்.

முதல் சுற்று

"பிடித்த கடல் விலங்கு ஒன்றைப் பற்றிச் சார்ட் செய்து வரவும்." இதுதான் கொடுக்கப்பட்ட வேலை. எல்லாப் பள்ளியிலும் கொடுப்பதுதான். திங்கட்கிழமை வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் திமிங்கலம், சுறா, டால்பின், ஆக்டோபஸ். படங்கள் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் படத்தாளிலிருந்து வெட்டி ஒட்டியவை. வாசகம் போனிலிருந்து எடுத்தது. கையெழுத்து பல இடங்களில் அக்காவுடையது, சில இடங்களில் அம்மாவுடையது. பளபளப்புத் தூள் மட்டும் பிள்ளைகள் போட்டது.

நீலத்திமிங்கலம் 30 மீட்டர் என்று எழுதியிருந்த பையனிடம், "30 மீட்டர்னா எம்புட்டுடா இருக்கும்?" என்று ஆசிரியை கேட்டார். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். இன்னொருத்தியின் சார்ட்டில் கடல் மீன்களின் வரிசையில் அயிரையும் ஜிலேபியும் இருந்தன. வீட்டில் குழம்பாகிற மீனெல்லாம் கடல் மீன் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. மதுரைப் பக்கம் பிள்ளைகள் அதிகமாகப் பார்ப்பது கண்மாய் மீன். அதைப் பிழை என்று அடிப்பதைவிட ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த வேலையில் கேள்வியே கிடையாது. கேள்வி இல்லாத தலைப்புக்கு எதையாவது பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் மட்டுமல்ல, கல்லூரியில் கொடுத்தாலும் அதுதான் நடக்கும். எனவே இரண்டாம் சுற்றில் தலைப்பை எடுத்துவிட்டுக் கேள்வி கொடுத்தார்கள். கேள்விக்கு ஒரே நிபந்தனை: பதில் சொல்லக்கூடிய விலங்கோ, அதன் உறுப்போ, அளவோ பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். கைக்கு எட்டாத திமிங்கலமும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் வாசிப்புக்கு ஒதுக்கப்பட்டன.

மூன்று மூன்று பேராக ஏழு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 40 பக்க ரூல்டு நோட்டு ஒன்று. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: என்ன தெரிந்தது, எப்படித் தெரிந்தது, சந்தேகம். நடுப்பத்தியில் மூன்று எழுத்துக்குள் ஒன்றுதான் வரலாம். 'பா' என்றால் பார்த்தது, 'கே' என்றால் கேட்டது, 'வா' என்றால் வாசித்தது. நோட்டு வீட்டுக்குப் போகாது. செயல்திட்டம் பெற்றோர் கைக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சந்தையில் வாங்குதல்

மதுரையில் கரிமேடும் நெல்பேட்டையும் மீனுக்குப் பேர் போன இடங்கள். மொத்த வியாபாரம் மாட்டுத்தாவணிப் பக்கம். கிராமத்துப் பள்ளிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊருக்குள் டிவிஎஸ் 50-ல் ஐஸ் பெட்டி வைத்து விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் கொண்டுவந்து தருவார். சொல்லும்போது "வெட்டாம, செதில் உரசாம, குடல் எடுக்காம" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழக்கத்தில் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். நண்டு ஓடு கழன்று வரும், கணவாய் தோலுரிந்து வரும், ஆய்வுக்கு உதவாது.

ஏழு குழுவுக்கு வாங்கியது: சாளை அரைக் கிலோ, காரல் கால் கிலோ, நண்டு ஆறு, கணவாய் நான்கு (ஊசிக் கணவாய் இரண்டு, ஓட்டுக் கணவாய் இரண்டு), வஞ்சிரத் தலை ஒன்று. வஞ்சிரத்தை முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாது. தலையைத் தனியாகக் கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆய்வுக்குத் தேவையும் தலைதான். ஐஸ் பார் உடைத்தது மூன்று கிலோ. பரப்பி வைக்க உரச்சாக்கு வேண்டாம். உள்ளே மருந்து வாடை இருக்கும். பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கழுவித் திருப்பிப் போடலாம்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. கெளுத்தி, ஓரா இரண்டுக்கும் முள்ளில் விஷம். குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். திருக்கையை வால் முள்ளை வெட்டிய பிறகே தொட வேண்டும். பேத்தை மீன் வலையில் தவறி வந்தாலும் பள்ளிக்குள் எடுக்கவே வேண்டாம்; அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

முந்தின நாள் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்: இறால், நண்டு சாப்பிட்டால் பிள்ளைக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தது உண்டா? இரண்டு பேருக்கு உண்டு என்று பதில் வந்தது. ஓட்டுடலிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொட்டாலே அரிக்கலாம், அதனால் அவர்கள் இருவரும், உப்பு நீரில் முட்டையைப் போட்டுப் பார்க்கும் உப்புக் குழுவுக்கும், விலங்குகளின் நீளத்தைத் தரையில் அளந்து பார்க்கும் கயிற்றுக் குழுவுக்கும் போனார்கள். மீன் தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு குழுவும் தோதானவை.

வேலை முடிந்த மீனைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பக் கூடாது. மதுரை வெயிலில் மேசைமேல் ஒரு மணி நேரம் கிடந்த சாளை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சாளை, அயிலை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும், கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும். முதல் நாள் இந்தப் பேச்சு வரத்தான் செய்தது. "நல்ல மீனை வீணாக்குறீங்களே டீச்சர்" என்று சமையலர் அம்மா வருத்தப்பட்டார். தென்னை மரத்தடியில் இரண்டடி ஆழத்தில் புதைத்தார்கள். ஓரடியில் புதைத்தால் நாய் தோண்டிவிடும்.

வாயைப் பார்த்தால் தீனி தெரியுமா?

இந்தக் குழுவுக்குத்தான் நல்ல அறுவடை. மூன்று மீன், மூன்று விதமான வாய்.

சாளையின் வாயைத் திறந்து விரலை விட்டால் பல் தட்டுப்படாது. செவுள் மூடியைத் தூக்கிக் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினால் உள்ளே வில் போல வளைந்த எலும்பு தெரியும். அதன் ஒரு பக்கம் சிவப்புச் செவுள். மறுபக்கம் வெள்ளையாக, நெருக்கமாக, சீப்பின் பல் மாதிரி நீண்ட முட்கள். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளை இது சலித்து எடுக்கிறது. வஞ்சிரத் தலையில் அந்தச் சலிப்பு முட்கள் மிகச் சிலவே, அவையும் குட்டை. அதற்குப் பதில் தாடையில் கத்தி போன்ற முக்கோணப் பற்கள். ஒரு தாளைக் கொடுத்து இழுத்தால் கிழியும். காரலின் வாயைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தால் குழாய் போல நீண்டு வெளியே வரும், விட்டால் உள்ளே போகும். அறை முழுக்க இதைச் செய்து பார்க்காத பிள்ளை இல்லை.

பிள்ளைகள் எழுதிய முடிவு: "சாளை சலித்துத் தின்னும். வஞ்சிரம் கடித்துத் தின்னும். காரல் உறிஞ்சித் தின்னும்." மூன்றும் 'பா'. சொந்தமாகக் கண்டுபிடித்த மூன்று வரி, ஒட்டுப்படச் சார்ட்டின் முப்பது வரிக்கு மேல்.

இதில் கெட்டது இரண்டு. செவுளை வெட்டும்போது கத்தரிக்கோல் முனையை ஆழமாக விட்டதால் ரத்தம் பரவி ஒன்றும் தெரியாமல் போயிற்று. வளைவு எலும்பை மேலும் கீழும் வெட்டி முழுசாக வெளியே எடுத்து, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டால் முட்கள் விரிந்து நிற்கும். இரண்டாவது, வயிற்றைக் கீறி உண்மையிலேயே என்ன தின்றது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். சாளையின் வயிற்றில் பச்சைக் கலங்கல் தவிர ஒன்றும் தெரியாது. உருப்பெருக்கி இல்லாமல் அது வீண் வேலை.

அளவெடுப்பதில் வேறொரு சிக்கல். ஒரே சாளையை மூன்று பேர் அளந்து மூன்று நீளம் எழுதினார்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் அடிக்கோலில் பூஜ்யம் விளிம்பில் இருக்காது. நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளித்தான் கோடு தொடங்கும். ஒருவன் விளிம்பிலிருந்து அளந்தான், ஒருத்தி கோட்டிலிருந்து. மூன்றாமவன் மீனின் முதுகு வளைவின்மேல் கோலை வைத்து அழுத்தினான். தீர்வு சுலபம்: கிராஃப் தாளைக் கண்ணாடி கவருக்குள் செருகி, அதன் தொடக்கக் கோட்டில் ஒரு செங்கல்லை நிறுத்தி, மீனின் மூக்கைச் செங்கல்லில் முட்டவைத்து, வால் நுனியில் கோடு பார்ப்பது. வால் பிளவின் நடுவரை அளப்பதா, நுனிவரை அளப்பதா என்று முதலிலேயே முடிவு செய்து நோட்டில் எழுதிவிட வேண்டும்.

செதில் வளையத்தை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம் என்று பல செயல்திட்டக் குறிப்புகளில் போட்டிருக்கிறது. குளிர்நாட்டு மீனுக்கு அது ஓரளவு சரி. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று வளையம் விழும். நம் கடலில் ஆண்டு முழுக்கச் சூடு; விழும் வளையம் ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவராது. விட்டுவிடுவது நல்லது.

கணவாய்க்கு எத்தனை கை?

வாசித்தால் பத்து. எண்ணினால் ஒரு குழுவுக்கு எட்டு, ஒரு குழுவுக்கு ஒன்பது. ஆசிரியை திருத்தாமல் விட்டார், சரியாகச் செய்தார்.

ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் இரண்டுக்குமே குட்டையான கைகள் எட்டும், நுனியில் மட்டும் உறிஞ்சிகள் கொண்ட நீண்ட கைகள் இரண்டும் உண்டு. இரையைப் பாய்ந்து பிடிப்பது அந்த நீண்ட இரண்டுதான். ஓட்டுக் கணவாய் அவற்றைக் கண்ணுக்குக் கீழே இருக்கும் பைக்குள் முழுக்க இழுத்துக்கொள்ளும்; செத்தபின் அப்படியே உள்ளே கிடக்கும். அதனால்தான் எட்டு. முடி பிடுங்கும் இடுக்கியால் பைக்குள் தேடி இழுத்தால் வரும். ஒன்பது எண்ணிய குழுவின் கணவாயில் ஒரு நீண்ட கை பெட்டியிலேயே அறுந்திருந்தது. அடிக்கட்டை மட்டும் இருந்தது. சந்தேகப் பத்தியில் "ஒன்று எங்கே போனது?" என்று எழுதியிருந்த பிள்ளை மறுநாள் தானாகவே வியாபாரியிடம் கேட்டுவந்து 'கே' போட்டது. ஆக்டோபஸுக்கு, அதாவது பேய்க்கணவாய்க்கு, எட்டே கைதான். நீண்ட கை கிடையாது.

உள்ளே பார்க்க உடலை நீளவாக்கில் ஒரே கீறாகக் கீற வேண்டும். ஊசிக் கணவாயின் முதுகுப் பக்கம் பிளாஸ்டிக் தகடு போலக் கண்ணாடியாக ஒரு தண்டு வரும். ஓட்டுக் கணவாயில் அதே இடத்தில் வெள்ளை ஓடு. கைகள் கூடும் இடத்தில் அழுத்தினால் கிளி மூக்குப் போலக் கறுத்த அலகு வெளியே வரும். வெள்ளி நிறத்தில் மின்னும் மைப்பையை ஓட்டை விழாமல் எடுத்தால் அந்த மையைத் தொட்டு நோட்டில் எழுதலாம். எழுதினார்கள். சட்டையிலும் ஆயிற்று. துவைத்தால் எளிதில் போகாது என்பதால் பழைய சட்டை போட்டுவரச் சொல்வது உத்தமம்.

மூன்று இதயம், நீல ரத்தம் என்பவை வாசித்துத் தெரிந்தவை. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நீலம். ஐஸில் கிடந்த கணவாயில் இதைப் பார்க்க முடியாது. 'பா' போட்டிருந்த இரண்டு இடங்களை ஆசிரியை 'வா' ஆக்கச் சொன்னார்.

நண்டும் வயல் நண்டும்

பாக் நீரிணைப் பக்கமிருந்து வருவது நீலக்கால் நண்டு. ஆண் நீலமாக, நீண்ட கொடுக்கோடு இருக்கும். பெண் பழுப்புப் பச்சை. நிறம் ஐஸில் மங்கும், ஆகவே புரட்டிப் போட்டு வயிற்று மடலைப் பார்ப்பதே உறுதி. குறுகி நீண்டிருந்தால் ஆண். அகலமாக வளைந்திருந்தால் முதிர்ந்த பெண். வளராத பெண்ணுக்கு மடல் முக்கோணமாக இருப்பதால் ஆண் என்று தோன்றும், அங்கேதான் ஒரு குழு இடறியது. உள்ளங்கைக்குக் குறைந்த நண்டை வாங்காமல் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கால் கொடுக்கோடு சேர்த்துப் பத்து. கடைசி ஜோடி துடுப்பு மாதிரி தட்டை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் மேலூர் வயல்களில் வயல் நண்டு தாராளம். ஒரு பையன் டப்பாவில் இரண்டு கொண்டுவந்தான். அதற்கும் பத்துக் கால், அதே வயிற்று மடல், ஆனால் கடைசிக் கால் கூர்மையாக முடியும். நீந்துகிறதற்கும் நடக்கிறதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே மேசையில் கிடைத்துவிட்டது. எந்தப் புத்தகத்தையும் தேடவில்லை.

கடல் நுரை

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவது ஓட்டுக் கணவாயின் ஓடுதான். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் தொங்கவிடுவதும் இதையே. தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே அடுக்கடுக்காக நுண்ணிய அறைகள், அவற்றில் காற்று. அறைகளில் இருக்கும் நீரைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மேலே வரும், கீழே போகும். நுணுக்கித் தூளாக்கிப் போட்டால் அதே பொருள் மூழ்கும். பிள்ளைகள் இரண்டையும் செய்து பார்த்தார்கள்.

வினிகர் நான்கு சொட்டு விட்டால் பொங்கும். முட்டை ஓடு, சிப்பி ஓடு இரண்டும் அதேபோல் பொங்கும். மூன்றும் கால்சியம் கார்பனேட். சாக்பீஸும் பொங்கும் என்று எதிர்பார்த்துப் போட்டபோது பொங்கவில்லை. இப்போது பள்ளிக்கு வரும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். எலுமிச்சைச் சாறும் பொங்க வைக்கும், சற்று மெதுவாக.

முட்டை மிதந்த கதை சரியா?

கடல் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டாண்டாகக் காட்டப்படுவது. உண்மையில் கடல் நீரில் புது முட்டை மூழ்கும். இந்தப் பள்ளியில் அதை அளந்து பார்த்தார்கள்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மளிகைக் கடைத் தராசில் 35 கிராம் பொட்டலம் நான்கு கட்டி வாங்கினார்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். தூத்துக்குடிக் கல் உப்பு ஒரு கரண்டிக்கும் பொடி உப்பு ஒரு கரண்டிக்கும் எடை வேறு. வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் தண்ணீர், அன்று காலை இட்ட முட்டை ஒன்று. வெறும் தண்ணீரில் மூழ்கியது. ஒரு பொட்டலம் போட்டு முழுக்கக் கரைத்தார்கள். கடல் அளவு வந்துவிட்டது, முட்டை அசையவில்லை. இரண்டாவது பொட்டலத்தில் கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாவதைப் போட்டுக் கரைத்த பிறகே, அதாவது 100 கிராமைத் தாண்டி, மேலே வந்தது. முட்டை பழசானால் உள்ளே காற்றறை பெரிதாகி இன்னும் குறைந்த உப்பிலேயே எழும். கண்காட்சியில் மிதப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிடிப்பிடியாக உப்பை அள்ளிப் போடுவது பெரிய காரணம்.

ஒரு குழு கலக்காமல் உப்பைக் கொட்டியது. முட்டை ஜாடியின் நடுவில் அந்தரத்தில் நின்றது. அடியில் கனத்த உப்பு நீர், மேலே நல்ல நீர், நடுவில் முட்டை. தவறாகச் செய்ததில் கிடைத்த நல்ல காட்சி. கலக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னால் போதும்.

அயிரையைக் கடலில் விட்டால் என்ன ஆகும் என்று அந்த முதல் சார்ட் போட்ட பெண்பிள்ளை கேட்டது. உப்பு நீர் அதன் உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடும், செத்துப்போகும். கடல் மீன் கடல் நீரையே குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும். உயிர் மீனை வைத்துச் சோதிக்கப் பிள்ளைகள் துடித்தார்கள்; அனுமதிக்கவில்லை, கூடாது.

கயிறும் கண்மாய்க் கரையும்

கடல் விலங்குகளின் நீளத்தைத் தரையில் குறித்துப் பார்க்கும் வேலை இது. பள்ளி மைதானம் 30 மீட்டர் இல்லை. கண்மாய்க் கரையில் நேராக ஓடும் பகுதியில் செய்தார்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட தேங்காய் நார்க் கயிறு. நைலான் இழுத்தால் நீளும். சுண்ணாம்புப் பொடியால் கோடு: கடல் குதிரை ஒரு சாண், ஆவுளியா 3 மீட்டர், அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறா 12 மீட்டர், நீலத்திமிங்கலம் 30 மீட்டர். இரண்டு கை விரித்துக் காட்டிய பையன் இந்தக் கோடுமேல் நடந்து 58 எட்டு என்று எழுதினான்.

வியாபாரியிடம் கேட்டது

கேள்விகளை முன்கூட்டி எழுதி, 'ஆமா', 'இல்ல' என்று முடிகிறவற்றை அடித்துவிட்டார்கள். "இது நல்ல மீனாண்ணே?" என்றால் "ஆமா தம்பி"யோடு பேச்சு நின்றுவிடும்.

"அண்ணே, இன்னைக்குப் பெட்டியில உள்ளதெல்லாம் எங்கெங்க இருந்து வந்துச்சு?"

"நண்டு தொண்டி. கணவாய் பாம்பன், ராத்திரி ஏத்துனது. சாளை மட்டும் கேரளா லோடுத்தா."

பிள்ளைகள் எல்லாம் ராமேஸ்வரம் என்றே நினைத்திருந்தார்கள். தொண்டி, பாம்பன், கேரளம் மூன்றையும் வரைபடத்தில் குறித்து மேலூர் வரை கோடிட்டார்கள். பெயர் எழுதும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். வஞ்சிரம், நெய்மீன், சீலா மூன்றையும் மூன்று மீனாக எண்ணிய பட்டியல் ஒன்று வந்தது. நம் பக்கம் சீலா என்று வஞ்சிரத்தைச் சொல்வார்கள், வேறு சில இடங்களில் ஊளியைச் சொல்வார்கள். பெயரோடு படத்தையும் வரைந்துவிட்டால் பின்னால் சரிபார்க்க முடியும்.

வாசிப்பும் முரண்பட்ட எண்களும்

மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு நன்றாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அரசுப் பேருந்தில் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுக்கக் கூடாது, ஏன் வேறுபடுகிறது என்று தேட வேண்டும்.

மன்னார் வளைகுடா இதற்கு நல்ல பாடம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஒரு நூலில் தீவுகள் 21, இன்னொன்றில் 19. இரண்டும் தவறில்லை. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அரண் போய், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. அறிவிப்பில் 21, இப்போது கண்ணுக்குத் தெரிவது 19. திமிங்கலச் சுறாவுக்கு 12 மீட்டர், 18 மீட்டர் என்று இரண்டு எண் கிடைப்பதற்குக் காரணம் வேறு: ஒன்று வழக்கமான பெரிய அளவு, மற்றது அரிதாகப் பதிவான உச்சம்.

ஆவுளியா குழு நிறைய வாசித்தது. கடற்புல்லை மேயும் பாலூட்டி, மூச்சுக்கு மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். நாளுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் அதற்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 448 சதுர கிலோமீட்டர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்துக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சதுரம். ஏறக்குறைய மேலூரிலிருந்து ஒத்தக்கடை தாண்டும் தூரம் ஒவ்வொரு பக்கமும். அப்படிச் சொன்னதும் பிடிபட்டது.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் காட்சிக்கூடமும் இருக்கின்றன. மதுரையிலிருந்து 150 கிலோமீட்டர் சொச்சம். போக முடிந்தால் நல்லது; வண்டி வாடகை பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளுக்குக் கட்டாது.

"கடற்கரையில் கிடைத்ததைக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். ஒரு பிள்ளை வீட்டு ஷோகேஸிலிருந்து பவளத் துண்டும் காய்ந்த கடல் குதிரையும் எடுத்து வந்தது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டவை. கண்காட்சி மேசையில் வைத்தால் பெற்றோருக்குத்தான் தொல்லை. சட்டத்தை விளக்கித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்வியே வகுப்பில் அரை மணி நேரம் ஓடியது.

மதிப்பெண், செலவு, மாதம்

பருவத்தின் நடுவே செயல்பாடுகளுக்கு மதிப்பெண் போடும் வளரறி மதிப்பீட்டில், 'அ' பிரிவுச் செயல்பாடாகச் சேர்த்தார்கள். பத்துக்கு: நோட்டில் பார்த்து எழுதியது 4, 'பா–கே–வா' குறி சரியாக இருப்பது 2, சந்தேகப் பத்தி 2, வாய்மொழிப் பதில் 2. சார்ட்டுக்குச் சுழியம். சார்ட் கண்காட்சி நாளுக்கு வேண்டுமானால் செய்யலாம், அதற்கு மதிப்பெண் வைத்த உடனே பளபளப்புத் தூள் திரும்பி வந்துவிடும். சந்தேகப் பத்தியில் ஒன்றும் எழுதாமல் விட்டதால்தான் அதிக மதிப்பெண் குறைந்தது. எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் 5ஆம் வகுப்பிலேயே ஊறிவிடுகிறது.

மீன், ஐஸ், உப்பு, கயிறு, வினிகர், நோட்டு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. உருப்பெருக்கி இரண்டு இருந்தால் நல்லது, இல்லாமலும் ஓடும்.

மாதம் பார்த்து வைப்பது முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளி திறந்த உடன் சந்தையில் வகை குறைவாக இருக்கும், விலையும் கூடுதல். புரட்டாசியில் மீன் விலை இறங்கும், ஆனால் பல வீடுகளில் அசைவம் தொடமாட்டார்கள், பிள்ளைகளும் கை வைக்கத் தயங்குவார்கள். அதன்பின் வடகிழக்குப் பருவமழையில் படகு போகாத நாட்கள் அதிகம். கார்த்திகை பிறந்ததும் வீட்டில் மாலை போட்டிருப்பவர்கள் பள்ளிக்கே வந்து வேண்டாம் என்று சொல்வார்கள், சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆக மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட், இல்லையென்றால் பிப்ரவரி. பிப்ரவரி என்றால் உப்பும் கயிறும் வாசிப்பும் முன்பே முடித்து, மீன் தொடும் நான்கு குழுவின் வேலையை ஒரே வாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்; மார்ச் வெயிலில் மூன்று கிலோ ஐஸ் முதல் பாடவேளையோடு கரைந்துவிடும்.